மொறிஸ் மைனரும் அதன் சுற்றத்தாரும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தெருவொன்றிலே மொறிஸ் மைனர் வண்டிகள் இரண்டு எதிரெதிரே வருமாயின், அவற்றை ஓட்டுவோர் முன்பின் அறியாதவராயினும் கை உயர்த்தி முகமன் கூறிக்கொள்வர். இஃது எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத வழக்கம். புதிய வண்டி ஓட்டுவோரிடத்து இதனைக் காண்பதற்கில்லை. உற்பத்தி நின்று அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. வேகத்தாலோ அலங்காரத்தாலோ அது பெயர் பெற்றதுமன்று. தபாற்காரரும் மருத்துவத் தாதியரும் பொலிசாரும் ஓட்டிய சாதாரண வண்டி. அத்தகையதொரு வண்டி தன்னை வைத்திருப்போரையெல்லாம் ஒரு குடும்பத்தவராக்கியது எவ்வாறு? அந்தக் குடும்பத்தின் ஒரு கிளை இலங்கையிலும் உண்டு. அக்கிளையின் கதை விளையாட்டான கதையன்று. அதனைச் சொல்லுமுன் வண்டி பிறந்த இடத்திலிருந்து தொடங்குவதே முறை.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். இவர் 1906 ஆம் ஆண்டிலே, அக்காலத்தில் துருக்கிய சுல்தானின் ஆட்சிக்குட்பட்டிருந்த சிமேர்னா நகரிற் பிறந்தவர். போரினால் ஊரை இழந்து தாயாருடன் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். இலண்டனில் பொறியியல் கற்றபோது கணிதப் பரீட்சையில் மூன்று முறை தோற்றார் என்பது அவர் வரலாற்றில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் செய்தி. பரீட்சைப் பெறுபேற்றை வைத்துப் பிள்ளைகளை அளக்கும் பெற்றோர் இதனைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். கணிதம் கைகொடாவிடினும் அவருடைய கையும் கண்ணும் கூர்மையானவை. மனத்திலே தோன்றிய வண்டியைக் கிடைத்த தாளிலெல்லாம் வரைந்து தள்ளுவார். அவ்வரைபடங்களைப் பார்த்தே தொழிலாளர் உறுப்புகளைச் செய்தனர்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, போர் முடிந்தபின் சாதாரண குடும்பத்தவர் வாங்கத்தக்க சிறிய வண்டியொன்றை ஆக்கும் வேலை ஒக்ஸ்போர்டை அடுத்த கௌலித் தொழிற்சாலையிலே தொடங்கிவிட்டது. தொழிற்சாலையின் தலைவரோ வில்லியம் மொறிஸ் என்னும் நஃபீல்ட் பிரபு. சைக்கிள் திருத்துபவராகத் தொடங்கி 1913 இல் தமது முதல் மோட்டார் வண்டியை விற்பனைக்கு விட்டு, இங்கிலாந்தின் பெருஞ் செல்வருள் ஒருவராக உயர்ந்தவர். அவருக்கு இந்தப் புதிய வண்டியைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் பிடிக்கவில்லை. உருண்டு திரண்ட அதன் வடிவத்தைக் கண்டு, கோதின்றி வெந்நீரில் அவித்த முட்டை போல இருக்கின்றதென்று ஏளனஞ் செய்தார்.

வண்டி ஏறக்குறைய முடிவுற்ற நிலையில் 1947 இல் இசிகோனிசுக்கு ஒரு மனக்குறை எழுந்தது. அஃது அகலம் போதாமல் ஒடுங்கி நிற்பதாக அவர் கண்ணுக்குப் பட்டது. உடனே மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுக்கச் செய்தார். இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கச் சொல்லித் தூரத்தில் நின்று பார்த்தார். நான்கு அங்குலம் விலகியதும் நிறுத்தச் சொன்னார். அந்த நான்கு அங்குலமே வண்டியின் அழகையும், தெருவை அது பற்றிநிற்கும் பிடிமானத்தையும் தீர்மானித்தது. முன்மூடியின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டையைப் பார்ப்போர் இன்றும் அந்த அறுவையின் தழும்பைக் காணலாம். முட்டுத்தாங்கிகள் பழைய அளவில் முன்னமே செய்யப்பட்டுவிட்டமையால், அவற்றையும் நடுவே வெட்டித் துண்டு வைத்துப் பொருத்தினர். அவ்வொட்டு முட்டுத்தாங்கியோடு கூடிய தொடக்ககால மைனர் ஒன்று கிடைத்துவிட்டால், பிழையான முத்திரையைப் பெற்ற தபால்தலைச் சேகரிப்பாளர் போல மகிழ்வோர் இன்றும் உளர்.

1948 ஒக்டோபரில், போருக்குப் பின் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட்டில் நடந்த முதலாவது மோட்டார்க் கண்காட்சியிலே மைனர் அறிமுகமாயிற்று. வரியுட்பட விலை ஏறக்குறைய 358 பவுண். 918 கன சென்டிமீற்றர் கொண்ட பழைய எஞ்சினே முதலிற் பொருத்தப்பட்டது. 1952 இல் ஒஸ்ரின் நிறுவனமும் மொறிஸ் நிறுவனமும் இணைந்தபின் ஒஸ்ரினின் 803 எஞ்சின் வந்தது. 1956 இல் 948, 1962 இல் 1098. இரண்டு துண்டாயிருந்த முன்கண்ணாடி 1956 இல் ஒரே கண்ணாடியாயிற்று. தொடக்கத்தில் முகப்பின் கீழே தாழ்ந்திருந்த விளக்குகள், அமெரிக்கச் சட்டத்துக்கு இணங்க மேலே சக்கரக் காப்புகளுக்கு ஏறின. இத்தகைய மாற்றங்களை நாளும் மாதமும் தவறாது ஒப்புவிப்பது மைனர் பிரியர்களின் தனிக் கல்வி.

1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானிய வண்டியெதுவும் அதற்குமுன் அவ்வெண்ணைத் தொட்டதில்லை. அதன் நினைவாக மென்னூதா நிறத்தில் 350 வரையான வண்டிகள் செய்யப்பட்டன. பிறகு காலம் மாறியது. 1968 இல் பிரித்தானிய லேலண்ட் என்னும் பெருநிறுவனம் தோன்றியது. 1970 இல் மூடிய காரும், 1971 இல் மரச்சட்டம் பூண்ட ‘ட்ரவலர்’ வண்டியும் நிறுத்தப்பட்டன. மொத்தம் பதினாறு இலட்சம் மைனர்கள் பிறந்திருந்தன. அதனிடத்துக்கு வந்த மொறிஸ் மரீனா 1980 இல் மறைந்தது. அதனைத் தெருவிற் காண்பது இன்று மைனரைக் காண்பதிலும் அரிது.

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றும் பழக்கம் மைனருக்கு முன்னரே இங்கிலாந்தில் இருந்தது. 1896 நவம்பர் 14 ஆந் திகதி, மோட்டார் வண்டிகளைக் கட்டிப்போட்டிருந்த பழைய சட்டம் தளர்ந்ததைக் கொண்டாட இலண்டனிலிருந்து பிறைற்றன் கடற்கரைக்கு ஓட்டமொன்று நடந்தது. அவ்வோட்டத்தை 1927 இல் மீண்டும் நடத்தியபோது, இருமிக்கொண்டும் புகைகக்கிக்கொண்டும் போன கிழவண்டிகளைப் பார்த்துத் தெருவோரத்தில் நின்றவர்கள் நகைத்தார்கள். நகைப்புக்காகத் தொடங்கியது நாளடைவில் மரியாதைக்குரிய விழாவாயிற்று. பழம்பெரும் வண்டிகளுக்கான சங்கம் 1930 இல் அமைந்தது; பெருஞ் செல்வரல்லாதாரையும் எண்ணி, விளையாட்டு வண்டிகளுக்கான மற்றொரு சங்கம் 1934 இல் அமைந்தது. 1953 இல் வெளிவந்த ‘ஜெனிவீவ்’ என்னும் திரைப்படம், 1904 ஆம் ஆண்டு டராக் வண்டியொன்றைக் கதாநாயகியாக்கி, இந்தப் பித்தை உலகெங்கும் பரப்பியது.

ஆயினும் அவ்வண்டிகள் அரியவை. அருமையினாலேயே மதிப்புப் பெற்றவை. பதினாறு இலட்சம் செய்யப்பட்ட பொருளை எவர் போற்றுவார்? 1970களின் நடுவிலே பழைய மைனர் என்றால் மாணவரும் புதுமணத் தம்பதியரும் சில பவுண்களுக்கு வாங்கி, துரு தின்றுமுடிக்கும்வரை ஓட்டிவிட்டுப் பழைய இரும்புக்குப் போடும் பண்டம். அந்த வேளையில், 1976 இல், மொறிஸ் மைனர் உரிமையாளர் சங்கம் பிறந்தது. சங்கத்தின் இதழுக்கு ‘மைனர் மேட்டர்ஸ்’ என்று பெயரிட்டார்கள். சிறிய விடயங்கள் என்றும், மைனரே முக்கியம் என்றும் இருபொருள்படும் இப்பெயர் நம் புலவர்களின் சிலேடைக்கு இளைத்ததன்று.

அவர்கள் ஒருவரோடொருவர் பகிர்ந்துகொண்ட இன்பங்கள் யாவை? வெளியாருக்கு அவை இன்பமாகவே தோன்றமாட்டா. இறக்கத்திலே காலை எடுத்தவுடன் மைனரின் புகைக்குழாய் ஒரு விசித்திர ஒலி எழுப்பும். குழந்தை உதட்டை மடித்து ஊதினாற்போன்ற அவ்வொலியைக் கேட்டுத் தூரத்திலிருந்தே வருவது மைனர் என்று சொல்லிவிடுவார்கள். திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல எழும்பி, சிலவேளை எழும்பாமலும் அடம்பிடிக்கும் பழைய கைகாட்டி இன்னொன்று. ட்ரவலர் வண்டியின் பின்புறத்திலோ மரச்சட்டம் வெறும் அலங்காரமன்று. உடலைத் தாங்கும் எலும்பே அதுதான். ஆண்டுதோறும் வார்னிஷ் பூசத் தவறினால் மரம் கறுத்து உளுக்கும். கண்ணாடி ஓரத்தில் பாசியும் முளைக்கும். கார் வைத்திருப்பவன் தச்சுத் தொழிலும் கற்கவேண்டிய விந்தையை அங்கே காணலாம்.

பகிர்ந்தவற்றுள் உயிர்காக்கும் அறிவும் இருந்தது. மைனரின் முன்சக்கரத்தைத் தாங்கி நிற்பது, திருகாணிபோற் புரிவெட்டிய கம்பத்தில் அமர்ந்த ஒரு சிறு பூண். இதற்குத் தவணை தவறாமல் கிறீஸ் ஏற்றவேண்டும். ஏற்றாவிடின் புரிகள் தேய்ந்து, ஒருநாள் தெருத் திரும்பும்போது சக்கரம் கால் மடிந்ததுபோல வண்டிக்கடியிற் சாய்ந்துவிடும். வண்டி வாங்கிய புதியவரைக் கண்டதும் பழையவர் முதலிற் கேட்கும் கேள்வி, ‘கிறீஸ் அடித்தீரா?’ என்பதே. சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பூசலும் இல்லாமலில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, கடைசித் திருகாணிவரை மாற்றாமல் வைத்திருக்கவேண்டுமென்பார் ஒரு சாரார். இன்றைய தெருவின் வேகத்துக்கு ஏற்பப் பலமான பிரேக்கும் பெரிய எஞ்சினும் பூட்டி நாள்தோறும் ஓட்டவேண்டுமென்பார் மறுசாரார். இவ்வழக்குக்கு இன்றுவரை தீர்ப்பு இல்லை. எனினும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத் துடைப்பதைவிட, மழையில் நனைந்தும் சந்தைக்குப் போய்வரும் வண்டியே மைனருக்குப் பொருத்தமென்று கூறுவது தகும். ஓடுவதற்கென்றே அது செய்யப்பட்டது.

இரண்டாஞ் சாராரின் தலைமை வழக்கறிஞர் என்று சார்ல்ஸ் வெயரைச் சொல்லலாம். பாத் நகரில் 1970களில் மொறிஸ் மைனர் மையமொன்றை அமைத்தவர் இவர். 1982 இல் நெடுநாள் நிலைக்கும் காரை வைத்திருப்பது பற்றி நூலொன்றும் எழுதினார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கார் வாங்குபவர் தம் பணத்தை மதிப்பிறக்கத்துக்குப் பலியிடுகின்றார். அதே பணத்தை ஆண்டுதோறும் நல்ல பழைய காரொன்றைப் புதுக்குவதற்குச் செலவிட்டால் காரும் நிலைக்கும், கைத்தொழிலாளிக்கும் வேலை கிடைக்கும் என்பது அவர் வாதம். ஒரு வண்டியை ஆக்குவதற்குச் செலவாகும் எரிபொருளையும் கணக்கிற் சேர்க்கவேண்டுமென்று அவர் சொன்னபோது, அக்காலத்தில் அதனைக் காதிற் போட்டுக்கொண்டோர் சிலரே.

அவருடைய வாதத்தை நூலாகப் படிக்காமலே நடைமுறையிற் கண்ட நாடு இலங்கை.

1950களில் மைனரும் ஒஸ்ரின் ஏ 40 உம் பின்னர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கின. ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர், சிறு வியாபாரி ஆகியோருக்கு எட்டிய வண்டிகள் இவையே. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டது. மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, இருக்கும் வண்டியை ஓடவைப்பதொன்றே வழி. பத்து ஆண்டு ஓடுமென்று வாங்கிய கார் மகன் கைக்கும் பேரன் கைக்கும் போயிற்று. கிடைக்காத உறுப்பைக் கடைசல் பொறியில் வைத்துக் கடைந்தெடுக்கும் கராஜ்காரர் ஊர்தோறும் தோன்றினர். இங்கிலாந்திற் சங்கத்தின் இதழ் செய்த வேலையை இங்கே கராஜின் முன்னுள்ள வாங்கு செய்தது. வண்டி திருந்தும்வரை அதிலே காத்திருந்தவர்கள் எந்த வண்டியில் எந்த உறுப்புக் கழன்றிருக்கின்றதென்றும், எந்த ஊரில் எவர் வீட்டுக் கொட்டிலில் ஓடாத மைனர் நிற்கின்றதென்றும் செய்தி பரிமாறினார்கள்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பெற்றோலும் மின்கலமும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. புதிய ஜப்பானிய வண்டிகள் கொட்டில்களிலே முடங்கின. அப்பொழுது தெருவுக்கு வந்தவை மொறிஸ் மைனர்களும் ஏ 40 களும் கேம்பிறிட்ஜ்களுமே. அவை மண்ணெண்ணெயில் ஓடின.

இது மந்திரமன்று, பழைய எஞ்சினின் இயல்பு. புதிய எஞ்சின்கள் எரிபொருட் கலவையைப் பெரிதும் அமுக்கிப் பின் எரிப்பவை; மண்ணெண்ணெய் அந்த அமுக்கத்தைத் தாங்காது, காலமல்லாக் காலத்திற் பற்றிக்கொண்டு எஞ்சினைத் தட்டும். பழைய எஞ்சின்களின் அமுக்கமோ குறைவு. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் பொன்போலக் காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் கார்புரேற்றருள் விட்டு, மின்கலம் வலுவிழந்திருப்பின் முன்னே கைபிடியைச் செருகிச் சுற்றி எஞ்சினை எழுப்புவார்கள். எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய் தொடரும். நிறுத்தி ஆறவிட்டால் மறுபடியும் பெற்றோற் துளி வேண்டும். ஆதலால் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியை இறக்கும்போதும் எஞ்சினை அணைக்க ஓட்டுநருக்கு மனம் வராது. எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். பிளக்குகள் கரிபிடிக்கும், அவற்றைக் கழற்றித் துடைப்பது நித்திய கருமமாயிற்று. தெருவெல்லாம் வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும். முன்கைபிடியும், எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும் எஞ்சின் அறையும், ஒரு சாவியாலும் குறட்டாலும் பிரித்துப் பூட்டத்தக்க உறுப்புகளும் இல்லாதிருந்தால், பிரசவ வேதனையுற்ற பெண்கள் பலர் சைக்கிளிலோ மாட்டுவண்டியிலோதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பர். அவ்வாறு போனவர்களும் உண்டு.

இங்கிலாந்திற் கைகாட்டி மகிழ்ந்தவர்களின் இன்பத்தையும் இவர்களுடைய பாட்டையும் ஒன்றென்று சொல்வது தவறு. ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு; மற்றவருக்குச் சீவியம். எனினும் போத்தற் பெற்றோலை முகந்தெரியாதவருக்கும் மூடியளவு ஊற்றிக் கொடுத்தவர்களும், நடுத்தெருவில் நின்ற காரைக் கண்டு தம் காரை நிறுத்தி இறங்கியவர்களும் அந்தத் தெருக்களில் இருந்தார்கள். துன்பத்தின் நடுவிலும், கிழட்டுக் கார் முதற் சுற்றிலேயே எழும்பிவிட்டால் ஓட்டுநரின் முகத்திலே தோன்றிய பெருமிதத்தை மகிழ்ச்சி என்றல்லாமல் வேறெவ்வாறு கூறுவது?

அதே 1990களில் இத்தீவிலே மற்றொரு காரியமும் நடந்தது. மைனரின் பழைய அச்சுகள் இல்லாமற்போக, இங்கிலாந்தின் ஆர்வலர்கள் உதிரிப்பாகங்களுக்குத் தட்டுப்பட்டனர். மைனர்கள் இன்னும் நாளாந்தம் உழைக்கும் நாடு எது, அவற்றைக் கையாற் செய்யவல்ல தொழிலாளர் எங்குளர் என்று தேடிய சார்ல்ஸ் வெயரின் கண் இலங்கையின்மேல் விழுந்தது. இலங்கையர் ஒருவருடன் கூட்டாகச் சிறு தொழிற்சாலையொன்றை அவர் இங்கே அமைத்தார். இலங்கைத் தொழிலாளர் ஆக்கிய மைனர் உறுப்புகள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. ஒரு காலத்தில் கௌலியிலிருந்து கொழும்புக்கு வந்த சரக்கு, கொழும்பிலிருந்து திரும்பிப்போன வேடிக்கை இது. தீவின் ஒரு பகுதியில் அந்நியரின் பொழுதுபோக்குக்காக மைனர் உறுப்புகள் உருவாக, மற்றொரு பகுதியில் அதே மைனர் மண்ணெண்ணெய்ப் புகையோடு நோயாளரைச் சுமந்ததை, வேடிக்கை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். பெரும்பாலோர் நடந்தும் சைக்கிளை உருட்டியும் மழையிற் போயினர். அக்கூட்டத்தின் நடுவே ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்த கார்களும் இருந்தன. மேலே பாயும் பாத்திரமும், உள்ளே முதியோரும் குழந்தைகளும். எடுத்துச்செல்ல முடியாத வண்டிகள் கொட்டில்களில் நின்றன. திரும்பி வந்தவர்களிற் சிலர் அவற்றைக் கண்டார்கள், சிலர் காணவில்லை.

2002 ஏப்ரலில் கண்டி வீதி திறந்தபோது தெற்கிலிருந்து வந்தோருக்கு யாழ்ப்பாணத் தெருக்கள் ஒரு கண்காட்சியாகத் தோன்றின. வேறிடங்களில் ஓய்ந்துபோன கார்கள் இங்கே வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தன. வந்தோரிடையே பழைய வண்டிப் பிரியர்களும் இருந்தனர். அவர்கள் இலக்கத்தகட்டைப் பார்த்தார்கள். ஆங்கில எழுத்துத் தகடாயின் முகம் மலர்ந்தார்கள். முன்மூடியைத் திறந்து பார்த்தார்கள். விலை கேட்டார்கள். புதிய வண்டிகளும் அப்பாதை வழியே வரத்தொடங்கிவிட்ட காலமாதலால் விற்றவர்கள் பலர். விற்கமாட்டோம் என்று முன்மூடியை மெல்லச் சாத்தியவர்களும் உண்டு. அவர்கள் அதற்குக் காரணம் சொல்லவில்லை. கேட்டவர்களும், தாமும் அத்தகைய வண்டியொன்றை வைத்திருப்பவர்களாதலால், மறுபடி கேட்கவில்லை. எத்தனை நாளைக்கொருமுறை கிறீஸ் அடிக்கின்றீர்கள் என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார்கள்.